ஆறாவது வரிசை

கோமதிநாயகத்தைக் கொல்ல வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் பதினோரு பேர் அவர் காய்ச்சிய கஷாயத்தைக் குடித்து உயிர் பிழைத்தவர்கள். நன்றி கெட்ட ஜனம் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அந்தப் பதினோரு பேர் வீட்டிலும் பெண்டாட்டியோ பிள்ளையோ அதே கஷாயத்தைக் குடித்துச் செத்திருந்தார்கள். முதல் மாதம் உயிரைக் காத்த மருந்து மூன்றாம் மாதம் வெறும் கசப்புத் தண்ணீராகிப் போனால் மனுசன் என்ன நினைப்பான்? நல்லதை டவுனுக்கு விற்றுவிட்டு நமக்குச் சக்கையைக் காய்ச்சி ஊற்றுகிறான் என்றுதான் நினைப்பான். மேலப்பொத்தை ஊரும் அப்படித்தான் நினைத்தது.

நோய்க்கு அரசாங்கம் வைத்த பெயரில் பாதி எழுத்து, பாதி எண். ஊர் வைத்த பெயர் நாலாம்நாள் காய்ச்சல். முதல் நாள் தொண்டை கரகரக்கும். இரண்டாம் நாள் உடம்பு கொதிக்கும். மூன்றாம் நாள் விட்டுவிட்டது போல இருக்கும். ஆள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பான். நாலாம் நாள் நெஞ்சில் நீர் கோத்து, கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்து திறந்து மூடிச் சாவான். தடுப்பூசி தென்காசிப் பக்கம் வர எட்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டு, வட்டத்தைச் சுற்றிக் கம்பித் தடுப்பு போட்டார்கள். மேலே ட்ரோன்கள் பறந்தன. ஆளுக்கு ஆறு சாம்பல் நிற மாஸ்க் கொடுத்தார்கள். பஸ் நிறுத்தத்தில் இருமிய வளையல் வியாபாரி ஒருவரை ஊரே சேர்ந்து கல்லால் அடித்தது. அவருக்கு வெறும் பீடி இருமல் என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த நிலையில்தான் சித்த வைத்தியர் கோமதிநாயகம் ஆடாதோடை இலையைக் காய்ச்சினார். எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்ற வைக்கிற பழைய முறைதான். எலுமிச்சைத் தோட்டங்களின் வேலியெல்லாம் ஆடாதோடை. அதில் அள்ளிக்கொண்டு வந்து, நல்லது கெட்டது பார்க்கக்கூட நேரமில்லாமல் அண்டாவில் கொட்டினார். குடித்த முப்பத்து நாலு பேரில் முப்பத்தொரு பேர் ஐந்தாம் நாளைப் பார்த்தார்கள்.

அவருடைய மனைவி உலகம்மாள் வேதியியல் படித்தவள். சென்னையில் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். கூட்டுறவுச் சங்கத்தின் மருந்துக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையை ஆய்வகமாக வைத்திருந்தாள். அவளிடம் நுரையீரல் சில்லுகள் இருந்தன. உள்ளங்கை அகலக் கண்ணாடித் துண்டு. உள்ளே மனித நுரையீரலின் உயிரணுக்கள் இளஞ்சிவப்பாக வளர்ந்திருக்கும். கிருமியை விட்டால் ஒரே நாளில் சாம்பலாகும். கஷாயத்தையும் சேர்த்து விட்டபோது சில்லு சிவப்பாகவே இருந்தது. கணவனின் கஷாயத்தை அதுவரை கேலி செய்துகொண்டிருந்தவள் அன்றோடு கேலியை விட்டுவிட்டாள்.

வேலி இலைகள் தீர்ந்தன. சங்கத்துக்கு இருமல் மருந்துக்காக முன்பே நட்ட எட்டு ஏக்கர் ஆடாதோடை இருந்தது. வலைப் பந்தலும் சொட்டுநீரும் பூச்சி அண்டாமல் வேப்பெண்ணெயுமாகப் பிள்ளையைப் போல வளர்த்த செடிகள். கிளை ஒடிந்தால்கூடக் கோமதிநாயகத்துக்கு மனசு கேட்காது. இனிமேல் எல்லாம் முறையாக நடக்க வேண்டும் என்று உலகம்மாள் ஒரு பலகை எழுதி மாட்டினாள்: ஓட்டை, கீறல், புள்ளி உள்ள இலை கூடாது. பழுதிலை ஆகாது என்பது வைத்தியருக்கும் பாடம்தான். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் புருசனும் பெண்டாட்டியும் வாதாடாமல் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். கொட்டகையில் வேலை பார்த்த ஆவுடையும் இன்னும் ஏழு பெண்களும் உட்கார்ந்து, பூச்சி தொட்ட இலையையெல்லாம் பொறுக்கி வெளியே எறிந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் மருந்துக்கு நோய் கேட்காமல் போனது. ஏன் என்று பார்க்க உலகம்மாளிடம் சில்லும் இல்லை. இருந்த இருபதும் தீர்ந்து, புதிய பெட்டி எல்லைக் கம்பியில் ஏழு வாரம் மாட்டிக்கொண்டிருந்தது.

"என்னமோ குறையுது உலகு," என்றார் கோமதிநாயகம். "கசப்பு இருக்கு, காரம் இல்ல."

"அளவக் கூட்டிக் குடுங்க," என்றாள் அவள்.

கூட்டிக் கொடுத்தார். புதன்கிழமை சொரிமுத்துவின் மனைவி முப்பிடாதி செத்தாள். சொரிமுத்து எலுமிச்சை மண்டியில் மூட்டை ஏற்றுகிறவன். முதல் மாதம் பிழைத்தவர்களில் ஒருத்தன். வைத்தியர் வீட்டு வாசலில் விழுந்து கும்பிட்டவன். மனைவியை அடக்கம் செய்த கையோடு அவன் அரிவாளைத் தீட்டினான்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. கடைசியாக உள்ளே நுழைந்தவன் கேட்டில் இருந்த கேமராவை அடித்து நொறுக்கினான். இருபத்து மூன்று பேருக்கும் ஒரே சாம்பல் மாஸ்க். ஒரு வார்த்தை பேசாமல் வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்ச் செடிகளை வெட்டத் தொடங்கினார்கள். வரிசைகள் கொட்டகையிலிருந்து கேட் வரைக்கும் நீளமாக ஓடின. வாழைக்குலை வெட்டுகிற வேகத்தில் செடிகளின் தலைகள் விழுந்தன. ஆவுடையும் மற்றப் பெண்களும் பின்பக்கமாக ஓடினார்கள்.

கோமதிநாயகம் இடுப்பில் துண்டோடு வெளியே ஓடினார். "செடிய விட்டுருங்கய்யா. என்னைய என்ன வேணாலும் செய்ங்க. இது போச்சுன்னா ஊருக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"இருந்து மட்டும் என்னத்தக் கிழிச்சிச்சு?" என்று ஒரு மாஸ்க் கேட்டது. இன்னொன்று கம்பைச் சுழற்றி அவர் முழங்காலில் இறக்கியது. எலும்பு முறிந்த சத்தம் கொட்டகைக்குள் நின்ற உலகம்மாளுக்குக் கேட்டது.

அவள் கையில் அகப்பட்ட வாளியைக் கொதிக்கிற அண்டாவில் முக்கி எடுத்துக்கொண்டு ஓடினாள். அரிவாளோடு எதிரே வந்தவன் மேல் வீசினாள். கஷாயம் அவன் வலது கையில் கொட்டித் தோல் வழுக்கி இறங்கியது. அவன் அலறினான், ஆனால் அரிவாளை விடவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டான். பக்கத்தில் நின்றவன் இரும்புக் குழாயால் அவள் தோளில் அடித்தான். இரண்டாவது அடியில் அவள் கொட்டகைக்குள் விழுந்தாள். கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டார்கள்.

இருட்டில் கிடந்து அவள் கேட்டாள். "விடுங்கய்யா, விடுங்கய்யா" என்ற குரல் கொட்டகையை விட்டு விலகிக்கொண்டே போனது. இலை சரசரக்கிற சத்தம் கூடவே போனது. பிறகு கேட் பக்கம் ஏழெட்டு வெட்டுச் சத்தம். தேங்காய் உரிக்கிற சத்தம் போலத்தான் இருந்தது என்று பின்னால் போலீசில் சொன்னாள். ஆவுடை திரும்பி வந்து தாழைத் திறக்க முக்கால் மணி நேரமானது. கழுத்துக்குக் கீழே வைத்தியர் வைத்தியராக இல்லை.

சில்லுப் பெட்டி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது.

"கேட் கேமராவுல இருபத்து மூணு மாஸ்க் தெரியுது மேடம். மூஞ்சி ஒண்ணுகூடத் தெரியல," என்றார் இன்ஸ்பெக்டர் ஜெபமணி, ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே நின்றபடி. நல்ல மனுசன். இந்த ஊர்க்காரர் இல்லை என்பதே அவருடைய பாதி நல்ல குணம். "போன எல்லாம் வீட்டுல வச்சிட்டு வந்திருக்கானுவ. ஊருல ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டங்கான்."

"சொரிமுத்து கையப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கஞ்சி கொட்டிருச்சுங்கான். சுட்ட புண்ண வச்சு ஒரு ஆளத் தூக்கிரலாம், கோர்ட்டுல நிறுத்த முடியாது. நீங்களும் மூஞ்சியப் பாக்கலல்லா."

பார்க்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். அப்போது அந்தப் புத்தி வரவில்லையே என்று உலகம்மாள் பிற்பாடு பலமுறை தன்னைத் திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆவுடைக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை மூச்சு இரைத்தது. கொட்டகை பூட்டிக் கிடந்ததால், அவள் நாத்தனார் தோட்டத்துக்குப் போய் வெட்டுப்பட்ட செடிகளில் மிஞ்சிய இலையைப் பறித்து, வீட்டு அடுப்பில் காய்ச்சி ஊற்றினாள். சாகிறவளுக்கு ஒரு வாய் கசப்பு, அவ்வளவுதான் எண்ணம். புதன்கிழமை ஆவுடை எழுந்து உட்கார்ந்து, புளிக்குழம்பு கேட்டாள்.

செய்தி கேட்டதும் உலகம்மாள் தோளில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டாள். தோட்டத்தின் ஒன்பது வரிசையில் மட்டும்தான் அவர்கள் கை வைத்திருந்தார்கள். மீதித் தோட்டம் அப்படியே நின்றது. வெட்டுப்பட்ட செடியில் ஒரு இலை, படாத செடியில் ஒரு இலை என்று எடுத்துச் சாறு பிழிந்து சில்லில் விட்டாள். மறுநாள் பார்த்தால், நல்ல செடியின் சில்லு சாம்பல். வெட்டுப்பட்ட செடியின் சில்லு இளஞ்சிவப்பு.

அன்று மதியம் ஜெபமணி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் மாட்டியிருந்த பலகை உடைந்து அவள் காலடியில் கிடந்தது. ஒற்றைக் கையால் உடைத்திருந்தாள்.

"செடியால ஓட முடியாது சார்," என்றாள். "யாராவது கடிச்சா, வெட்டினா, மிஞ்சுன இலையில எல்லாம் வெசம் ஏத்திக்கிடும். அடுத்தாப்ல கடிக்க வாரவனுக்கு வைக்கிறது. அதுக்கு நாலஞ்சு நாள் ஆவுது. அந்த வெசம்தான் இந்தக் கிருமியக் கொல்லுது. வெறும் ஆடாதோடையில ஒண்ணும் இல்ல."

"அப்ப மொத மாசம்?"

"வேலிச் செடி. பாதைய மறைக்குதுன்னு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அருவாளால சீவி விடுவாவ. ஆளுக்காளு மிதிப்பாவ. அடிபட்ட செடி. நாங்க என்ன செஞ்சோம்? நோகாம வளத்தோம். அதுலயும் பூச்சி கடிச்ச ஒண்ணு ரெண்டு இலையில இருந்ததையும் பொறுக்கி எறிஞ்சோம். எறியச் சொல்லி எழுதி மாட்டுனது நான்."

ஜெபமணி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டா. இத நீங்க வெளிய சொன்னா, அன்னைக்கு வெட்டுனவன் எல்லாம் ஊருக்கு மருந்து குடுத்தவன் ஆயிருவான். அவனுவ வக்கீல் உங்க காகிதத்தையே கோர்ட்டுல நீட்டுவான்."

"சொல்லாம இருந்தா எத்தன பேரு சாவான்னு கணக்குப் போட்டிருக்கீங்களா?"

"அதான் சங்கடம்."

உலகம்மாளுக்கு ஆத்திரம் வந்தது. புருசனைக் கொன்ற அரிவாளையே மருந்து என்று தன் கையால் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு இன்னொரு முப்பிடாதி சாவாள். அன்று சாயங்காலமே எழுதி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினாள். செடியை வெட்டிவிட்டு ஐந்து நாள் பொறுத்து இலை பறிக்கவும். அவ்வளவுதான்.

ஜெபமணி சொன்னபடியே நடந்தது. டீக்கடையில் ஒருவன், "நாங்க அன்னைக்குப் போகலன்னா ஊரே காலி" என்று மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டுப் பேசினான். நாங்க என்றால் யார் என்று ஏட்டு கேட்டதும் மாஸ்க் மறுபடி ஏறிக்கொண்டது.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஆறாவது வரிசைச் செடிகளில் அரிவாள் பட்ட தடமே இல்லை. இலைகள் மட்டும் கிழிந்து போயிருந்தன, பட்டை உரிந்திருந்தது. அந்த வரிசையின் சாற்றில் நூறு பங்கு தண்ணீர் கலந்து விட்டாலும் சில்லு சிவப்பாகவே இருந்தது. மற்ற வரிசைகளின் சாறு ஐந்து பங்கு தண்ணீரைத்தான் தாங்கியது. வெட்டிய செடியை நம்பினால் எட்டு ஏக்கரும் மேலப்பொத்தைக்கு மட்டும்தான் போதும். ஆறாவது வரிசையைப் போலச் செய்ய முடிந்தால் வட்டம் முழுக்க ஊற்றலாம். உலகம்மாள் செடிகளைக் கம்பால் அடித்துப் பார்த்தாள், மிதித்துப் பார்த்தாள், இலையை உருவிப் பார்த்தாள். ஒன்றும் அந்த வீரியத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

"எவனோ எதையோ வச்சு செஞ்சிருக்கான்," என்றாள் ஜெபமணியிடம். "அவனக் கேட்டாத்தான் தெரியும்."

ஜெபமணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டா அது கோர்ட்டுல செல்லாது மேடம். மத்தவங்ககிட்டத் தானா வந்து சொன்னா செல்லும்." எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "ஆனா மன்னிப்பு உண்டு, பரிசு உண்டுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிரக் கூடாது. ஆச காட்டி வாங்குனா அதுவும் செல்லாது. நான் இந்தப் பக்கமே வரல."

மறுநாள் சங்கத்துச் சுவரில் அவள் ஒரு அறிவிப்பு ஒட்டினாள். அன்று தோட்டத்தில் செடிகளை வெட்டியவர்கள், எந்த வரிசையை எந்தக் கருவியால் வெட்டினார்கள் என்று சொன்னால் மருந்துக்கு உதவியாக இருக்கும். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார். மருந்து கண்டுபிடித்த ஊர் என்று முச்சந்தியில் கல் வைக்கப் போகிறாராம், காரணமானவர்கள் பெயரெல்லாம் அதில் வெட்டப் போகிறாராம். உலகம்மாள் அவரிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை. ஆனால் தானம் கொடுத்த ட்யூப்லைட்டில் உபயம் என்று பெயர் எழுதி, வெளிச்சத்தையே மறைத்துவிடுகிற ஜனம் நம் ஜனம். பெயர் பொறிக்கிற கல் என்றால் கேட்க வேண்டுமா?

முதலில் வந்தவன் கம்பியைத் தாண்டிச் சாராயம் கடத்துகிற மாடக்கண்ணு. நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்தான். மேசை மேல் சின்ன ரெக்கார்டர் இருந்தது.

"இது ஓடுது. நீ சொல்றதெல்லாம் பதிவாகும். சம்மதமா?" என்றாள்.

"நல்லா ஓடட்டும்," என்று அவன் ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். "ரெண்டாவது வரிச நான். வெட்டருவா. ஒரே வெட்டு, ஒரே செடி. ரெண்டாம் வெட்டே கிடையாது."

"எத்தன மணிக்கு?"

"பத்தே கால் இருக்கும்."

"வரிச முடிஞ்சதும் எங்க போன?"

"கேட்டுப் பக்கம். அங்க அவர..." என்று சொல்ல வந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அந்த அமைதியை அவன் தைரியமாக எடுத்துக்கொண்டான். "நான் காலத்தான் பிடிச்சிருந்தேன் டாக்டரம்மா. வெட்டல. ஒரு ஆவேசத்துலதான் அது நடந்துபோச்சு."

"ம். அடுத்தாளு வரச் சொல்லு."

வந்தார்கள். ஐந்து நாளில் பதினேழு பேர் வந்தார்கள். நாலாவது வரிசைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடி, அவள் கண் முன்னாலேயே ஒருவன் மூக்கை ஒருவன் உடைத்துக்கொண்டார்கள். மேசையில் ரத்தம் தெறித்தது. அவள் துடைத்துவிட்டு, "நீ எதனால வெட்டின?" என்று கேட்டாள். தன் தோளை உடைத்த குழாய்க்காரன்கூட வந்தான். ஏழாவது வரிசை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, தோள் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். அவளுக்கு அவன் தொண்டையைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது. "பரவால்ல" என்றாள்.

ஆறாவது வரிசையை மட்டும் யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: அது பாதையோரம், அதுல நாங்க கை வைக்கல.

ரெக்கார்டர் நிறைந்துவிட்டது. ஆனால் அவள் யாருக்காகக் காத்திருந்தாளோ அவன் வரவில்லை. வெட்டியவன் அவன். காலைப் பிடித்தவனும் கையைப் பிடித்தவனும் அவன் பெயரை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிட்டார்கள். அவனைச் சிக்கவைக்கத்தான் இத்தனை பேர் பீற்றலையும் அவள் பல்லைக் கடித்துக் கேட்டது. வந்து உட்காருவான், இத்தனாவது வரிசை என்று பீற்றிக்கொள்வான், வாயைப் பிடுங்கி அவன் வாயாலேயே கயிற்றை மாட்டிவிடலாம் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் பகலில் சொரிமுத்து வந்தான். வலது கை மணிக்கட்டுவரை துணி சுற்றியிருந்தது. மாஸ்க் இல்லை. நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தான்.

"எம்மகளுக்குக் காய்ச்ச வந்துச்சு," என்றான். "போன வாரம். உங்க மருந்துதான் குடுத்தாவ. பிழைச்சுக்கிட்டா. நேத்துப் பள்ளிக்கூடத்துப் பாட்டுப் படிச்சா."

"ரெக்கார்டு ஓடுது."

"ஓடட்டும்."

"எந்த வரிச?" என்றாள்.

"வரிச ஒண்ணும் இல்ல. நான் செடியத் தொடல. எழுதிக்கோங்க. செடி மேல எனக்கு என்ன கோவம்? நான் வைத்தியரத்தான் வெட்டினேன். எடது கையால. எட்டு வெட்டு. மத்தவனுவ பிடிச்சிருந்தானுவ, வெட்டுனது நான் ஒருத்தன்தான்."

உலகம்மாளின் பேனா நின்றுவிட்டது. இத்தனை நாள் பார்த்துப் பார்த்து விரித்த வலை. அதில் விழ வேண்டியவன், யாரும் பிடிக்காமலே தானாக நடந்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தான். அவளுக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவனை மனசாரத் திட்டிக்கூடத் தீர்க்க முடியாதபடி செய்துவிட்டானே.

"கல்லுல பேரு வேண்டாமா?"

"எம்பேரு இருக்க கல்லப் பாத்து எம்மக என்னன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

வெளியே ஆவுடை அண்டாவைக் கழுவுகிற சத்தம் கேட்டது. உலகம்மாள் எழுந்து தண்ணீர் குடித்தாள். அவனுக்குக் கொடுக்கவில்லை. திரும்பி வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"கொட்டகை வாசல்ல விழுந்தவரு கேட்டுல எப்படிச் செத்தாரு?"

"இழுத்துட்டுப் போனோம். ஊரு பாக்கட்டும்னு ரோட்டுல வச்சு வெட்டணும்னு நாந்தான் சொன்னேன். கால் ரெண்டையும் பிடிச்சு இழுத்தோம். அவரு வரமாட்டேன்னு பக்கத்துச் செடியப் பிடிச்சுக்கிட்டாரு."

"எந்தப் பக்கத்துச் செடி?"

"பாதையோரம் உள்ளது. நாங்க இழுக்க இழுக்க ஒரு செடி கைய விட்டுப் போவும், அடுத்தத எட்டிப் பிடிப்பாரு. அடித்தண்டோட பிடிப்பாரு. வேரு அசைஞ்சு மண்ணு வெடிச்சு வரும், ஆனா செடி வராது. பட்டதான் உரிஞ்சு கையோட வரும். அப்புறம் அடுத்த செடி. கேட்டு வரைக்கும் ஒண்ணு விடல. அம்புட்டு உசிரு அந்தக் கையில இருந்துச்சு." அவன் தன் சுட்ட கையைப் பார்த்துக்கொண்டான். "கடைசில கைய விரிச்சுப் பாத்தேன். தோலே இல்ல, பூரா இலதான்."

உலகம்மாள் எழுந்து வெளியே போனாள். ஆறாவது வரிசையின் முதல் செடிக்கு அருகே மண்டியிட்டுக் கையால் மண்ணை விலக்கினாள். தண்டைச் சுற்றி மண் வளையமாக விட்டுப்போயிருந்தது. வேரின் பாதி அறுந்து, பாதி பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்த செடியும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். வெட்டினால் வெட்டிய இடம் மட்டும்தான் செடிக்குத் தெரியும். வேரைப் பறித்தும் பறிக்காமலும் விட்டால், சாகப் போகிறோம் என்று செடி முழுக்கச் சேதி போகும். இருக்கிற வெசத்தையெல்லாம் இலைக்கு ஏற்றும். இதை எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை.

உள்ளே வந்து படிவத்தை எடுத்தாள். அதில் மூன்று கட்டங்கள். வரிசை என்ற கட்டத்தில் ஆறு என்று எழுதினாள். கருவி என்ற கட்டத்தில் கை என்று எழுதினாள். செய்தவர் என்ற கட்டத்தில் கோமதிநாயகம் என்று எழுதி, கீழே சித்த வைத்தியர், மேலப்பொத்தை என்றும் எழுதினாள்.

"எம்பேரு?" என்றான் சொரிமுத்து.

"ஒம்பேரு இதுல வராது." ரெக்கார்டரை அணைத்து அவன் முன்னால் தள்ளினாள். "இதுலதான் வரும். இன்ஸ்பெக்டர் சாயங்காலம் பதினெட்டு பேரையும் கூட்டிட்டுப் போக வருவாரு. ஓடணும்னா இப்பவே ஓடிக்கோ."

அவன் ஓடவில்லை. வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் விடிந்ததும் உலகம்மாள் ஆவுடையைக் கூட்டிக்கொண்டு, வெட்டுப்படாத செடிகள் நின்ற பக்கம் போனாள். நல்ல கையால் முதல் செடியின் அடித்தண்டைப் பிடித்தாள்.

"வேரு அசையணும், மண்ணு வெடிக்கணும். ஆனா பிடுங்கிறக் கூடாது," என்று சொல்லிக்கொடுத்தாள். "எவனோ உன் காலப் பிடிச்சு இழுக்கான், நீ போவ மாட்டங்க. அந்த மாதிரி பிடி."

சொல்லி முடித்ததும்தான் அழுதாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.